உட்காரச் சொன்ன கை

திருச்சியில் ஒருகாலத்தில் பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் வீட்டில் கேபிள் இணைப்பு இல்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பேன். கீரைக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு அம்மா நேரே வந்து, "நீதானே நியூஸ் வாசிக்கிற பொண்ணு? எங்க ஊர்ல கரண்டு போனத சொன்ன, வந்தத சொன்னியா?" என்று பிடித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்துகொள்வார். நான் பஸ்ஸில் ஏறினால் அவர்களும் ஏறுவார்கள். காவிரிப் பாலம் தாண்டும்வரை வசவு தொடரும். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று சொல்வார்.

இப்போது ஓய்வு பெற்று, உறையூரில் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறேன். காய்கறிக் கடைக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வசவுகளுக்காக ஏங்குகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஏங்கத்தான் செய்கிறேன்.

எங்களோடு கொஞ்ச காலம் வேலை பார்த்த ஒரு பெண் இப்போது சென்னையில் செய்தித் துறையில் இருக்கிறாள். "அக்கா, நம்ம லோக்கல் சேனல் எப்படி நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க, இங்க யாருக்கும் தெரியல" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன மாதம் என் குரலே என்னைத் தேடிக்கொண்டு என் போனுக்கு வந்தது. அதன் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

என் பெயர் ஹமீதா. அத்தாவுக்குப் பெரிய கடை வீதிக்குப் பின்னால் குடை ரிப்பேர்க் கடை. நான் தமிழில் பட்டம் வாங்கிவிட்டு, வெயில்காலத்தில் வருமானம் இல்லாத அந்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு ஜவுளிக்கடை மாடியில் உள்ளூர் கேபிள் சேனல் தொடங்கினார்கள். செய்தி வாசிக்க ஆள் எடுத்தார்கள். போனேன், வாசித்தேன், எடுத்துக்கொண்டார்கள். "முகத்தக் காட்டுற வேலையாம்மா?" என்று அத்தா ஒரு வாரம் பேசாமல் இருந்தார். முதல் நாள் செய்தியை எதிர்வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "தலைய ரொம்ப ஆட்டுற" என்றார். அத்துடன் என் பயிற்சி முடிந்தது.

மற்ற பயிற்சியெல்லாம் ஊர் கொடுத்தது. ஒரு புரட்டாசியில் ஸ்ரீரங்கத்துச் செய்தி ஒன்றை வாசித்தேன். சாமி ஊர்வலம், பக்தர்கள் தரிசனம் என்று போயிற்று. செய்தி முடிந்ததும் போன் அடித்தது. "குழந்தே, நன்னா வாசிக்கறேள். ஆனா நம்பெருமாளுக்கு ஊர்வலம் கிடையாது, புறப்பாடு. இங்கே தரிசனம்னு சொல்றதில்லே, சேவைன்னு சொல்லணும்" என்றது ஒரு முதிய குரல். அடுத்த முறை அப்படியே வாசித்தேன். அதே குரல் கூப்பிட்டு, "க்ஷேமமா இருங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டது. அந்தப் பெரியவரை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

எங்கள் செய்தி ஆசிரியர் தங்கராசு சார். லால்குடிக்காரர். தினமும் காலை ரயிலில் வருவார், செய்தி முடிந்து ரயிலில் போவார். ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பேனா. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனா மூடியைத் திறந்து மூடுவார், அந்தச் சத்தத்துக்கே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். செய்தியில் 'பரபரப்பு' என்று எழுதியவர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அவர் சட்டம். "பரபரப்பு ஜனங்களுக்கு வரணும்யா, நீ ஏன் முன்னாடியே பரபரக்குற?" என்பார். ஒருவர் மேல் குற்றம் சொல்லும் செய்தி என்றால் அந்த ஒருவரிடம் பேசாமல் அது தாளில் ஏறாது. அவர் போன் எடுக்கவில்லை என்றால், எடுக்கவில்லை என்பதையும் நான் வாசிக்க வேண்டும். செய்தியின் முடிவில், "இதில் தவறு இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்" என்று ஒரு வரியும் அலுவலகத் தொலைபேசி எண்ணும் கண்டிப்பாக வரும்.

மாலையில் ஒரு ஒத்திகை வைப்பார். எடிட்டர் அருள் படங்களை ஓட்டுவார், நான் வாசிப்பேன், தங்கராசு சார் திரைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். முதல் தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது, என் முகம் பிடிக்கவில்லையோ என்று. "அதில்லம்மா. சமையக்கட்டுல வேலை பார்த்துக்கிட்டே கேக்குறாங்க, கடையில யாவாரம் பார்த்துக்கிட்டே கேக்குறாங்க. காதுக்குப் புரிஞ்சா போதும். படத்தப் பார்த்துட்டா நான் வார்த்தைய விட்டுடுவேன்" என்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பிடித்த பிழைகள் ஏராளம். நானும் வாசிக்கும்போது தாளைத்தான் பார்ப்பேன், திரையில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவருடைய இன்னொரு சட்டம் திருத்தம் பற்றியது. தவறு எந்த இடத்தில் வந்ததோ அதே இடத்தில், எந்த வாய் சொன்னதோ அதே வாய் திருத்த வேண்டும். ஒருமுறை மணப்பாறை மாட்டுச் சந்தை அந்த வாரம் கிடையாது என்று தலைப்புச் செய்தியில் சொல்லிவிட்டோம். சந்தை இருந்தது. வியாபாரிகள் வந்து நின்றார்கள், மாடுகள் வரவில்லை. மறுநாள் திருத்தமும் தலைப்புச் செய்தியாகவே போனது. "மந்திரி வந்த நியூஸ் இருக்கே, மாட்டுச் சந்தை முதல்லயா?" என்று முதலாளி கேட்டதற்கு, "மாட்டுக்காரனுக்கு அதுதாங்க முதல்" என்றார் சார். 'வருந்துகிறோம்' என்று ஒற்றை வார்த்தையில் நழுவுவதும் அவரிடம் நடக்காது. நேற்று என்ன சொன்னோம், உண்மை என்ன, தவறு யாருடையது, மூன்றும் வர வேண்டும். மன்னிப்பெல்லாம் அப்புறம்.

மணி ஏழு ஆனால் எங்கள் தெருவில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை மெதுவாக நடந்தாலே முழுச் செய்தியையும் கேட்டுவிடலாம் என்று தங்கை சொல்வாள். சலூனில் ஓடும், டீக்கடையில் ஓடும், ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஓடும். ஒரு கட்சிக்காரர் வீட்டிலும் அவருடைய எதிர்க்கட்சிக்காரர் வீட்டிலும் ஒரே நேரத்தில் என் தலைதான் ஆடும். இருவரும் மறுநாள் சண்டை போடுவார்கள், ஆனால் ஒரே செய்தியை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். தவறைக் கேட்ட அதே காதுகள் மறுநாள் திருத்தத்தையும் கேட்டன. இது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொரு வீட்டிலும் டிவி அணைந்துகொண்டே வந்தது. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு செய்தி. பஸ்ஸில் என்னைத் திட்டுகிறவர்கள் குறைந்தார்கள். எல்லோரும் குனிந்து கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் கடைசி மாநகராட்சித் தேர்தல் வந்தது, பரிமளாவின் கதை நடந்தது.

பரிமளா ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் ஒரு தெருவில் ஜாக்கெட் தைக்கிறவர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு குடிதண்ணீர் இல்லாமல் தவித்த தெரு அது. தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு அந்தத் தெருப் பெண்கள் காலிக் குடங்களுடன் சாலை மறியல் செய்தார்கள். எங்கள் கேமராக்காரர் போய்ப் படம் எடுத்தார். அமைதியாக நடந்து, அமைதியாக முடிந்தது, தண்ணீர் லாரி வந்தது. அந்த மறியலை நடத்தியவர் என்ற பெயரில் தெருவே சேர்ந்து பரிமளாவைக் கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிறுத்தியது. எந்தக் கட்சியும் பின்னால் இல்லை. தையல் வேலை முடித்துவிட்டு மாலையில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பார்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம், நகரத்தின் வேறொரு மூலையில் சாக்கடைப் பிரச்சினைக்காக ஒரு மறியல் நடந்தது. அதில் யாரோ கல் வீசி பஸ் கண்ணாடி உடைந்தது. எங்கள் கேமராக்காரர் ஒரு வேட்பாளர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. படம் இல்லை. அருள் அவசரத்தில், இருப்பிலிருந்த பழைய மறியல் படம் ஒன்றை எடுத்து ஒட்டினார். மூலையில் 'பழைய காட்சி' என்று போட வேண்டும். விட்டுப்போயிற்று. ஒத்திகையில் தங்கராசு சார் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டார். வார்த்தையில் ஒரு பிழையும் இல்லை, தலையசைத்தார். நான் தாளைப் பார்த்து வாசித்தேன்: "போராட்டத்தின்போது கல் வீசப்பட்டதில் பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது." அந்த நொடியில் திரையில் பரிமளா கையை உயர்த்தியிருந்தார்.

மறுநாள் காலையில் அவரே வந்தார். சத்தம் போடவில்லை. செருப்பை மாடிப்படியிலேயே விட்டுவிட்டு வந்து, போனை மேசைமேல் வைத்து அழுத்தினார். நான் வாசித்ததில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் வெட்டியெடுக்கப்பட்டிருந்தது. என் குரல், அவர் கை. கீழே யாரோ எழுதியிருந்தார்கள், 'கல்லெறிபவருக்கா உங்கள் ஓட்டு?' என்று.

"நான் கல்லெறிஞ்சேனாங்க?" என்று கேட்டார்.

அருள் போனை எடுத்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார்.

"காலையிலேயே தைக்கக் குடுத்தவங்க வந்துட்டாங்க. வெட்டாத துணியெல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போறாங்க. ஒருத்தங்க கல்யாண ஜாக்கெட்டு, பாதி தைச்சது, அதையும் அப்படியே குடுங்கன்னு நிக்கிறாங்க. ஓட்டு போனா போவுது மேடம். நாளைக்கு நான் இந்தத் தெருவுல எப்படித் துணி வாங்குறது?"

தங்கராசு சாரின் பேனா மூடி திறந்து மூடியது. இந்த முறை அது யார்மேல் கோபம் என்று எங்களுக்குத் தெரிந்தது. நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "அருளு, அந்த மறியல முழுசாப் போடு. சத்தத்தோட" என்றார்.

செய்தியில் நாங்கள் படத்தின் சத்தத்தை அடக்கிவிட்டு என் குரலை வைப்போம். இப்போது முதல்முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டோம். பின்னால் நின்ற கூட்டம் கத்துகிறது, நான்கைந்து பேர் ஒரு பஸ்ஸை நோக்கி நகர்கிறார்கள். பரிமளா திரும்பிக் கையை உயர்த்துகிறார். "உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! பஸ்ஸுல புள்ளைங்க இருக்கு!" கூட்டம் உட்காருகிறது.

அருள் எழுந்து வெளியே போய்விட்டார். பரிமளா மட்டும், "இத நேத்தே போட்டிருக்கலாம்" என்றார்.

பகல் முழுவதும் முதலாளி அறையில் சண்டை. முதலாளி கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது.

"ஓட்டுப் போட இன்னும் நாலு நாளு இருக்கு. இப்ப ஒரு வேட்பாளர் நல்லவங்கன்னு ஹெட்லைன்ல போட்டா அது பிரசாரம் ஆயிடாதா? மத்தவங்க என் கழுத்தப் பிடிப்பாங்க. கடைசியில ஒரு வரி போடுங்க, வருந்துகிறோம்னு. போதும்."

"நல்லவங்கன்னு சொல்லலைங்க. கல்லெறியலன்னு சொல்றோம்."

"எலெக்‌ஷன் முடியட்டும் சார்."

"முடிஞ்சப்புறம் எதுக்குங்க திருத்தம்? ஓட்டுப் போடுறவன் கையில இருக்குறது அவனோட ஓட்டு. அவன் மண்டையில நேத்து நாம ஒரு படத்த வச்சிருக்கோம். அத நாமதான் எடுக்கணும். எடுக்காம விட்டா அந்த ஓட்டையும் நாமளே போட்ட மாதிரி."

முதலாளி எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "எழுதிக் குடுங்க, படிச்சுப் பார்க்கிறேன்" என்றார் கடைசியில்.

தங்கராசு சார் எழுதியதை இப்போதும் தாள் இல்லாமல் சொல்வேன். "நேற்றைய செய்தியில் கல்வீச்சைப் பற்றிச் சொன்னபோது நாங்கள் காட்டிய படம் அந்த இடத்தில் எடுத்தது அல்ல. அது சில மாதங்களுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் தண்ணீர் கேட்டு நடந்த மறியலின் படம். அதில் கை உயர்த்தி நிற்பவர் பரிமளா. அவர் கல் வீசவில்லை. பின்னால் நின்றவர்களை உட்காரச் சொல்கிறார். அவர் சொன்னதை இப்போது கேளுங்கள். தவறு எங்களுடையது." அவர் வேட்பாளர் என்ற சொல் அதில் இல்லை. அதைத்தான் சிவப்புப் பேனாவால் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார். முதலாளி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று ஒத்திகையில் சார் முதல்முறையாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்தார். ஏழு மணிக்கு முதல் செய்தியாக வாசித்தேன். பரிமளாவின் குரலும் போயிற்று. எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பழைய காலமாக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும்.

மறுநாள் பரிமளா போன் செய்தார். "பார்த்தேன் மேடம். சரியாச் சொன்னீங்க. ஆனா எங்க தெருவுல உங்க நியூஸ் யாரு பார்க்குறாங்க? அந்தத் தப்பப் பார்த்தவங்ககூட அது போன்ல வந்ததாலதான் பார்த்தாங்க. அதுல இது வரலையே."

நாங்களும் திருத்தத்தை வெட்டிப் போனில் அனுப்பினோம்தான். எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினேன். அந்தக் 'கல்லெறிந்த கை' வீடியோ மதியத்துக்குள் மூன்று பக்கங்களிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. திருத்தம் ஒருவரிடமிருந்தும் திரும்பி வரவில்லை. தப்பில் ஒரு ருசி இருக்கிறது போலும், திருத்தத்தைப் பத்தியச் சோறாகத்தான் பார்க்கிறார்கள்.

"கிளம்பும்மா" என்றார் தங்கராசு சார். "எந்த வாய் சொல்லிச்சோ அந்த வாய்தான். டிவி வரைக்கும் அவங்க வரலன்னா நாம போவோம்."

பிரசாரம் ஓய்வதற்கு இன்னும் ஒருநாள் இருந்தது. மைக் இல்லை, கேமரா இல்லை. மறுநாள் காலை வெயிலில் அந்தத் தெருவின் பொதுக் குழாயடியில் நின்று, நான் செய்தி வாசிக்கும் குரலில் அந்தத் தாளை வாசித்தேன். ஒரு மாதிரி கூச்சமாகத்தான் இருந்தது. ஐந்தாறு பெண்கள் குடத்தோடு நின்று கேட்டார்கள். சில ஜன்னல்கள் திறந்தன, சில மூடின. பரிமளாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். அவர் கடைக்குள் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டது.

"எந்தக் கட்சிம்மா நீங்க?" என்றார் சைக்கிளில் வந்த ஒருவர்.

"கட்சி இல்லைங்க. ஏழு மணி நியூஸ்."

"எவ்ளோ குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

தெருமுனை அடுக்குமாடியிலிருந்து ஒரு மாமி இறங்கி வந்தார். "அன்னிக்கு நீங்கதானே சொன்னேள். இன்னிக்கு இல்லேங்கறேள். எதை நம்பறது? ஃபோன்ல படமே இருக்கே" என்றார்.

"மாமி, அந்தப் படத்துல பேசுறதும் என் குரல்தான். அந்தக் குரலே வந்து அது தப்புன்னு சொல்லுது."

"வாசிக்கறச்சே நீங்க பார்க்கலையா?"

"இல்லை மாமி. நான் தாளைத்தான் பார்ப்பேன்."

மாமி தங்கராசு சாரைப் பார்த்தார். "நீங்க?"

"நான் முதுகக் காட்டி உக்காந்திருந்தேங்க" என்றார் சார். வேறு எவராக இருந்தாலும் ஒரு விளக்கம் கொடுத்திருப்பார்கள். அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மாமி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நன்னாயிருக்கு போங்கோ" என்று படியேறிப் போனார். அவர் நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பரிமளா தோற்றார். அந்தப் படம் இல்லாவிட்டால் ஜெயித்திருப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. முடிவு வந்த அன்று நான் அவரைப் பார்க்கப் போனேன். "விடுங்க மேடம். ஜெயிச்சிருந்தா, கல்லெறிஞ்சவ ஜெயிச்சுட்டான்னு ஆகியிருக்கும்" என்று டீ கொடுத்தார். கல்யாண ஜாக்கெட் மட்டும் திரும்பி வந்திருந்தது. அந்தப் பெண் எங்கள் திருத்தத்தைப் பார்த்திருந்தாள்.

அடுத்த வருடமே எங்கள் சேனலில் செய்தியை நிறுத்தினார்கள். பார்க்க ஆள் இல்லை, விளம்பரம் இல்லை. சில மாதம் பக்திப் பாடல்கள் ஓடின, பிறகு அதுவும் இல்லை. தங்கராசு சார் போன வருடம் லால்குடியில் காலமானார். போய் வந்தேன். அவர் மனைவி அந்தச் சிவப்புப் பேனாவை என்னிடம் தர வந்தார். வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். தங்கை மகள் நஸ்ரின் குடும்பக் குழுவில் ஒரு வீடியோவைப் போட்டு, "பெரியம்மா, இது உங்க வாய்ஸ் மாதிரியே இருக்கு!" என்று எழுதியிருந்தாள். திறந்தேன். "கல் வீசப்பட்டதில் பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது." பரிமளாவின் கை. கீழே புது வாசகம், 'மறுபடியும் வருகிறார், உஷார்.'

பரிமளாவைக் கூப்பிட்டேன். மெஷின் சத்தம் நின்றது.

"மறுபடி நிக்கிறீங்களா பரிமளா?"

"தெருவுல கேக்குறாங்கன்னு யோசிச்சிட்டிருந்தேன் மேடம். நான் சரின்னு சொல்றதுக்குள்ள பாருங்க, என் கை எனக்கு முன்னாடி வந்து நின்னுருச்சு." சிரித்தார். பிறகு சிரிக்காமல், "இந்தத் தடவ டிவிகூட இல்லையே மேடம், எதுல திருத்துவீங்க?" என்றார்.

அன்று பிற்பகல் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எதிரே வைத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டேன். "வணக்கம். செய்திகள் வாசிப்பது ஹமீதா." எத்தனை காலமாயிற்று அதைச் சொல்லி! முதல் வரியிலேயே தடுமாறினேன், அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அதே திருத்தம், அதே வார்த்தைகள். நேற்று என்ற இடத்தில் மட்டும் 'கடந்த தேர்தலின்போது' என்று மாற்றினேன். முடிவில் பழக்க தோஷம், "இதில் தவறு இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்" என்றேன். எண் சொல்ல வேண்டுமே, என் போன் எண்ணையே சொல்லிவிட்டேன். நஸ்ரினிடம், அந்த வீடியோ எங்கிருந்து வந்ததோ அங்கேயே இதையும் போடச் சொன்னேன்.

பதில்கள் வந்தன. நஸ்ரின் காட்ட மாட்டேன் என்றாள், பிடுங்கிப் படித்தேன். 'இது ஏஐ குரல், நம்பாதீர்கள்' என்று ஒருவர். 'பேரைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா?' என்று இன்னொருவர். அத்தனை வருடம் ஸ்ரீரங்கத்துப் புறப்பாட்டை வாசித்தேன், என் பெயரை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லியிருக்கலாம், என் காதுக்கு வராமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வீடியோவில் இருப்பதும் என் குரல், இந்தத் திருத்தத்தில் இருப்பதும் என் குரல். பொய் சொன்னதை நிஜமான ஹமீதா என்கிறார்கள், உண்மை சொன்னதை மெஷின் என்கிறார்கள். அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலையில் ஒருவர் போன் செய்து, எந்தக் கட்சி காசு கொடுத்தது என்று திட்டினார். உங்கள் பெயர் என்னங்க, எந்தத் தெரு என்று கேட்டேன், வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வசவில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. குரலுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தாரே.

மதியத்துக்குமேல் இன்னொரு அழைப்பு. ஒரு பெண், தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஏழு மணி நியூஸ் ஹமீதா மேடமுங்களா?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"ஏஐ இல்லையே?"

"இல்லைம்மா. தலைய ரொம்ப ஆட்டுவேனே, அதே ஹமீதாதான்."

சிரித்துவிட்டார். "நான் பரிமளாக்கா தெருவுங்க. அன்னைக்கு நீங்க குழாயடியில வந்து வாசிச்சீங்கல்ல, நான் ஜன்னல சாத்திக்கிட்டு உள்ள நின்னு கேட்டேன். அக்கா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு வெளிய வரல." பிறகு விஷயத்துக்கு வந்தார். "இப்ப அதுக்காகக் கூப்பிடலைங்க. எங்க தெருவுல மறுபடி தண்ணி வரல. ஒரு வாரமா லாரியும் இல்ல. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல. உங்க நம்பர் குடுத்திருந்தீங்க, அதான்."

எனக்குச் சேனல் இல்லை, நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். "தெரு முழுக்க வரலையா, ஒரு பக்கம் மட்டுமா?" என்று கேட்டது வாய். அவர் சொன்னார். வேறு யாராவது பேசுவார்களா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் போனைக் கொடுத்தார். கடைசியில், "எப்பங்க வரும் நியூஸு?" என்றார்.

"ஏழு மணிக்கும்மா" என்றேன்.

வைத்துவிட்டு மணி பார்த்தேன். இன்னும் நேரம் இருந்தது. நஸ்ரினைக் கூப்பிட்டு மாநகராட்சி அலுவலகத்து எண்ணைத் தேடச் சொன்னேன். அவர்கள் தரப்பையும் கேட்க வேண்டுமே.